நிற்கும்போதும் ஓட வேண்டும்

சென்ற இதழில் கிணற்று மோட்டாரைப் பற்றி நாம் எழுதியதை வாசித்த அன்பர் ஒருவர், “சுவாமி, இனிக் கார் திருத்தவும் சொல்லித் தருவீர்களோ?” என்று பகிடியாகக் கேட்டார். அவர் அப்படிக் கேட்டபோது எமது அறைவீட்டு முற்றத்தில் உண்மையாகவே ஒரு கார் மூடி திறந்தபடி நின்றது. எமது கைகள் இரண்டும் கரியாய் இருந்தமையால் அவருக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுக்கவும் இயலவில்லை. ஆகவே இம்மாதம் அந்தக் காரைப் பற்றியே எழுதுகிறோம். பழைய வண்டியை வீட்டுப் பிள்ளைபோல் வைத்துப் பார்க்கும் குடும்பங்கள் எமது பங்குகளில் இன்னும் உள்ளன. அவர்களுக்கு இது பயன்படக்கூடும். இதை எழுத வேண்டிய வேறொரு கடமையும் எமக்கு உண்டு. அதைப் பின்னர் சொல்லுகிறோம்.

கார் ஒரு மொறிஸ் மைனர். 1958 ஆம் ஆண்டு உருவானது. உரிமையாளர் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், எண்பதைத் தொட்டவர். பிள்ளைகள் கனடாவில். அம்மையாருக்கு மாதந்தோறும் கிளினிக் உண்டு. முச்சக்கரவண்டியின் குலுக்கம் அவருடைய இடுப்புக்கு ஆகாது. ஆதலால் மாஸ்ரரே காரில் ஏற்றிச் செல்வார். “அதை வித்துப்போட்டு வாடகைக்குப் பிடியுங்கோ” என்று மகள் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார்.

வண்டியின் நோய் ஒன்றே ஒன்று. ஓடும்போது நன்றாக ஓடும், நிறுத்தினால் அணைந்துவிடும். சந்தியிலே காலை எடுத்தால் ஒருமுறை நடுங்கும், இருமுறை தும்மும், பின்பு அமைதி. கராஜ்களில் இதனை ‘ஐட்லிங் இல்லை’ என்பார்கள். வண்டி நகராமல் நிற்கும்போது எஞ்சின் தன்பாட்டில் மெல்லச் சுழல்வதே ஐட்லிங். நாம் அதை நிலையோட்டம் என்று சொல்லிக்கொள்வோம்.

மைனர் காருக்கு நிலையோட்டம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்று என்று அதன் கைந்நூல் கூறுகிறது. இது எளிய வேலை என்றே எவரும் எண்ணுவர். எஞ்சினுக்கோ இதுதான் கடினமான வேலை. காற்று புகும் வாயில் ஏறக்குறைய முழுவதும் மூடியிருக்கும். நான்கு சிலிண்டர்களுக்கும் கிடைப்பது ஒரு மிடறு காற்றும் ஒரு துளி பெற்றோலுந்தான். அந்த அற்ப உணவோடு ஒவ்வொரு சிலிண்டரும் தன் முறை தவறாமல் வெடித்தால்தான் அடுத்ததின் முறை வரும்வரை சக்கரம் சுழலும். ஒரு பிளக் சோர்ந்தாலும், ஒரு வால்வு சரியாக மூடாவிட்டாலும், எங்கேனும் கள்ளக்காற்று புகுந்தாலும், அது முதலில் இங்கேதான் வெளிப்படும். வேகமாக ஓடும்போது அதே குறைகள் ஓட்டத்தின் உந்தலிலே மறைந்துபோகும்.

இந்தக் காரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்காலத்தில் மினி காரையும் ஆக்கியவர் அவரே. 1948 இல் மைனர் வெளிவருவதற்குச் சற்று முன், மாதிரி வண்டி மிக ஒடுங்கியதாய்த் தோன்றவே, அதை நெடுக்காக இரண்டாய் அறுத்து நடுவே நான்கு அங்குலம் சேர்த்தாராம். மூடியின் நடுவில் ஓடும் அந்தத் தட்டையான பட்டி அந்த அறுவையின் தழும்பு. 1971 வரை பதினாறு இலட்சம் வண்டிகள் அளவில் வெளிவந்தன. மாஸ்ரரின் வண்டியில் உள்ளது 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின். அதற்கு ஒற்றை எஸ்.யூ. காபரேற்றர். ஓட்டுநர் மூளை உள்ளவர் என்று நம்பிச் செய்யப்பட்ட வண்டி அது. ஸ்ராட்டரைக்கூடக் கையால் இழுக்க வேண்டும்.

எமது நாட்டில் இவ்வண்டிகள் பட்ட பாட்டை இங்கிலாந்தில் எவரும் கனவிலும் கண்டிருக்கமாட்டார். 1990 இன் பின் வடக்கே பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இளையோர் நம்பமாட்டார்கள். ஒரு சிறு போத்தலில் பெற்றோலை மருந்துபோல் வைத்திருந்து, அதிலே சில துளிகளை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எஞ்சின் சற்று ஆறினாலும் திணறும். ஆகவே நிறுத்தும் இடமெல்லாம் காலை எடுக்காமல் உறுமவிட்டுக்கொண்டே நிற்க வேண்டும். அந்த எண்ணெயில் எஞ்சின் ‘நொக்’ அடிக்கும் என்பதால் பொறி விழும் நேரத்தையும் பின்தள்ளி வைப்பார்கள். ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் இப்படியே பழகினார்கள். நிலையோட்டம் என்று ஒன்று இருப்பதையே அவர்களுடைய கால்கள் மறந்துபோயின.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது மாஸ்ரரும் இதே காரில் புறப்பட்டார். அந்த இரவை நடந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நடக்காதவர்களுக்கு விளக்க இயலாது. நாவற்குழிப் பக்கம் அடிக்கு அடி நின்று நகர்ந்த சனத்துக்குள், உள்ளே இரண்டு முதியவர்களும் ஒரு கைக்குழந்தையுமாக இருந்த அந்த வண்டி, நின்ற இடமெல்லாம் அணைந்தது. போத்தலில் இருந்த பெற்றோல் முடிந்த பின் தள்ளித்தான் போனார்கள். அப்போது குருமாணவராயிருந்த நாமும் சிறிது தூரம் தள்ளினோம். யாருடைய கார் என்று அன்று தெரியாது. பல ஆண்டுகள் கழித்து இந்தப் பங்குக்கு வந்து பேச்சோடு பேச்சாக அறிந்துகொண்டோம். மாஸ்ரர் இந்த நோயைப் பெரிதுபடுத்தாததன் காரணமும் அப்போது விளங்கியது. “அது அப்ப தொட்டு அப்பிடித்தான் சுவாமி. அது அதின்ர குணம்” என்பார்.

இனி எமது பிழையைச் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு பூசைக்குப் பின் கார் வாசலில் மூன்று முறை அணைந்தது. எமது சித்தப்பா ஒருவர் சிறு கராஜ் வைத்திருந்தவர். சிறுவயதில் அங்கே ஸ்பானர் எடுத்துக்கொடுத்த பெருமை எமக்கு உண்டு. அந்தப் பெருமையில், மூடியைத் திறந்து, காபரேற்றரின் ஓரத்திலுள்ள நிலையோட்டத் திருகாணியை ஒரு சுற்றுக்குமேல் உள்ளே திருகினோம். எஞ்சின் கம்பீரமாக உறுமியது. மாஸ்ரர் மகிழ்ந்தார், நாமும் மகிழ்ந்தோம். முதலாம் கியர் போடும்போது கறகறவென்று அரைத்தது. அந்தக் கியருக்கு ‘சிங்க்றோமெஷ்’ கிடையாது. எஞ்சின் வேகமாகச் சுழன்றால் அது முறைப்பாடு செய்யும். அதை நாம் செவிமடுக்கவில்லை.

மூன்றாம் வாரம் மாஸ்ரரும் அம்மையாரும் கிளினிக்கிலிருந்து நடுமத்தியானத்தில் திரும்பினார்கள். புகையிரதக் கடவையில் முன்னால் ஒரு லொறி மெல்ல ஏறியது. மாஸ்ரர் அதன் பின்னே ஏறினார். லொறி தயங்கியது, அவரும் காலை எடுத்தார். தண்டவாளத்தின் மேல் எஞ்சின் அணைந்தது. 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2014 இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தபோது மேளதாளத்தோடு வரவேற்றவர்களில் மாஸ்ரரும் ஒருவர். ஸ்ராட்டரை இழுத்தார், இழுத்தார், பிடிக்கவில்லை. சலூனிலிருந்து இரண்டு இளைஞரும், மீன்பெட்டியைச் சைக்கிளோடு போட்டுவிட்டு ஒரு வியாபாரியும் ஓடிவந்து தள்ளி இறக்கினார்கள். நாலைந்து நிமிடத்தில் வண்டி வந்ததாம்.

அன்று மாலை அம்மையார் கோபமின்றித்தான் சொன்னார்: “நீங்கள் திருத்தினது எண்டு நம்பித்தான் சுவாமி இவர் என்னை ஏத்திக்கொண்டு போனவர்.” கோபித்திருந்தால் எமக்கு இலகுவாயிருந்திருக்கும்.

மறுநாளே காரை எமது முற்றத்துக்குக் கொண்டுவரச் செய்தோம். பக்கத்து ஊர்க் கராஜ் ஒன்றில் வேலை பழகும் தம்பி ஒருவனையும் அழைத்தோம். மாஸ்ரருக்கு அவன்மேல் ஆத்திரம் இருந்தது. அவன் காபரேற்றரை மூன்று முறை கழற்றிக் கழுவிப் பூட்டியும் ஒன்றும் ஆகவில்லை என்பதே முறைப்பாடு. ஆனால் அவனை அவ்வாறு கழுவச் சொன்னவர்களே மற்றவர்கள்தாம். எஞ்சின் அணைந்தால் காபரேற்றர்மேல் பழிபோடுவது ஊர் வழக்கம். காபரேற்றரில் கைவைப்பது கடைசி வேலை. அதற்கு முன் பார்க்க வேண்டியவை வரிசையாய் உள்ளன. அந்த வரிசையை மாற்றினால் ஒரு குறையை மற்றொரு குறையால் மறைத்துவிடுவோம்.

முதலில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி. இந்த எஞ்சினுக்கு எட்டு வால்வுக்கும் 0.012 அங்குலம். இரண்டில் இடைவெளி மிகக் குறைந்திருந்தது. ஈயம் கலந்த பெற்றோல் ஒழிந்த பின் இவ்வகைப் பழைய எஞ்சின்களில் புகைபோக்கி வால்வு தன் இருக்கையைத் தின்று உட்காருவதுண்டு. அப்போது இடைவெளி தானாகச் சுருங்கும். வால்வு முழுதாய் மூடாது; நிலையோட்டம் தளரும். சரிசெய்தோம். அடுத்து நான்கு பிளக்குகளும்: 0.025 அங்குலம். டிஸ்ரிபியூற்றருக்குள் உள்ள பொயின்ற் 0.015 அங்குலம் திறக்க வேண்டும். இதுவோ அதில் பாதிகூடத் திறக்கவில்லை, முகமும் குழிவிழுந்திருந்தது. புதியது போட்டோம். பொறி விழும் நேரத்தைப் பார்த்தபோது தம்பி சிரித்துவிட்டான். மண்ணெண்ணெய்க் காலத்தில் பின்தள்ளியது தள்ளியபடியே இருந்தது! தடை நீங்கி, சண்டை ஓய்ந்து, பெற்றோல் தாராளமாய் வந்து, 2022 இல் மறுபடி தட்டுப்பட்டு, மீண்டும் வந்து, இவ்வளவும் நடந்தும் அந்த டிஸ்ரிபியூற்றருக்கு எவரும் செய்தி சொல்லவில்லை.

இவற்றைச் சரிசெய்ததும் நோய் பாதி குறைந்தது. முழுதும் நீங்கவில்லை. குளிர்ந்திருக்கும்போது சோக்கை இழுத்துவிட்டால் அழகாய் நின்று ஓடும். சூடேறிச் சோக்கைத் தள்ளியதும் நடுங்கத் தொடங்கும். எஸ்.யூ. காபரேற்றரில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு அன்று; பெற்றோல் வரும் ஜெற்றைக் கீழிறக்கிக் கூடுதலாய்ப் பெற்றோல் தரும் நெம்பு. சோக்கிலே சுகமாயிருக்கிறது என்றால் கலவையில் பெற்றோல் போதவில்லை, அல்லது காற்று மிதமிஞ்சுகிறது என்று பொருள்.

காற்றுவடியைக் கழற்றி, காபரேற்றருக்குள் மேலும் கீழும் அசையும் பிஸ்டனைச் சிறு திருப்புளியால் மயிரளவு, ஒரு மில்லிமீற்றரிலும் குறைய, உயர்த்திப் பார்த்தோம். இது மிக நல்ல சோதனை. உயர்த்தியதும் எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். சற்றே கூடித் தன் நிலைக்குத் திரும்பினால் சரி. உடனே சாகப் பார்த்தால் பெற்றோல் குறைவு. மாஸ்ரரின் எஞ்சின் உடனே செத்தது. ஆனால் ஜெற்றின் நட்டைப் பார்த்தால் அது தேவைக்கும் மேலாகக் கீழே இறங்கியிருந்தது. “நான்தான் சுவாமி இறக்கினனான், மாஸ்ரர் பாவமெண்டு” என்றான் தம்பி. அதனால்தான் நீண்ட ஓட்டத்தில் கரும்புகை வந்ததும், பெற்றோல் தண்ணீராய்ப் போனதும்.

ஓடும்போது பெற்றோல் அதிகம், நிற்கும்போது குறைவு. இந்த இரண்டும் ஒரு வண்டியில் சேர்ந்திருந்தால் காபரேற்றரை விட்டுவிட்டுக் கள்ளக்காற்றைத் தேட வேண்டும். துலா இறைத்த காலத்தைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஓட்டைப் பட்டையை விரைவாக இழுத்தால் தண்ணீரில் பெரும்பகுதி மேலே வந்துவிடும். மெல்ல இழுத்தால் பாதிக்குமேல் கிணற்றுக்கே திரும்பும். ஓட்டை அதேதான். அதுபோல எஞ்சின் நிறையக் காற்று இழுக்கும்போது ஒரு சிறு இடுக்கால் வரும் காற்று கணக்கில் வராது. ஒரு மிடறு மட்டும் இழுக்கும்போது அதே இடுக்கு கலவையைக் கெடுத்துவிடும்.

எங்கே அந்த இடுக்கு? உலர்ந்த தடித்த துணியால் பிடித்து, ஒவ்வொரு பிளக் கம்பியாய்க் கழற்றி, அதன் முனையை எஞ்சின் இரும்பில் சாய்த்துப் பார்த்தோம். (வெறுங்கையால் தொட்டால் தேவதூதரைக் காணலாம், எச்சரிக்கை.) மூன்றாவதைக் கழற்றினால் எஞ்சின் தளர்ந்தது, நான்காவதும் அவ்வாறே. முதலாவதையும் இரண்டாவதையும் கழற்றியபோது எஞ்சின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆக, அவை இரண்டும் நிலையோட்டத்தில் வேலை செய்யவில்லை.

பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு சேர்ந்து படுத்திருப்பது இந்த எஞ்சினில் பெரிய துப்பு. ஏனெனில் இதில் நான்கு சிலிண்டருக்கும் காற்று புகும் வழி இரண்டேதான். ஒன்றும் இரண்டும் ஒரே வாசலால் மூச்சுவிடும். மூன்றும் நான்கும் மற்ற வாசலால். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஹெட் கஸ்கற் எரிந்திருந்தாலும் இதே அடையாளந்தான் தெரியும்; அந்த ஐயத்தை அமுக்கமானி வைத்து நீக்கினோம். நான்கிலும் அமுக்கம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. எஞ்சியது மனிபோல்ட் எஞ்சினோடு சேரும் பொருத்து.

தம்பி எண்ணெய்க் குப்பியை எடுத்து, முன்பக்க வாசலின் பொருத்தைச் சுற்றி எஞ்சின் எண்ணெயைத் துளித்துளியாய் விட்டான். சிலர் இதற்குப் பெற்றோல் தெளிப்பர், ஒருபோதும் செய்யவேண்டாம். பக்கத்திலேயே புகைபோக்கி கொதித்துக்கொண்டிருக்கிறது. மேற்பக்கம் விட்டான், ஒன்றுமில்லை. கீழ்ப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், குப்பியின் மூக்கை வளைத்து விட்டான். எஞ்சின் திடீரென்று நிமிர்ந்தது! இரண்டு கணம் அழகாக ஓடியது. குழாயால் நீலப்புகை வந்தது. எண்ணெய் உறிஞ்சப்பட்டதும் மறுபடி நடுக்கம். மாஸ்ரர் கதிரையைவிட்டு எழுந்துவிட்டார்.

ஆறவிட்டுக் கை நுழைத்தபோது அங்கிருந்த நட்டு விரலாலேயே சுழன்றது. கழற்றிப் பார்த்தால் அந்த மூலையில் கஸ்கற் கருகி, ஒரு நெல் நுழையுமளவு வழி விட்டிருந்தது. அது பல காலமாய் அப்படியிருக்க வேண்டும்; நட்டு தளரத் தளர வழி பெரிதாகியிருக்கிறது. நாம் திருகாணியை ஏற்றியபோது செய்தது, அந்த வழி இன்னும் பெரிதாகும்வரை நோயாளியை எழுப்பி நடக்கவிட்டதுதான். புதிய கஸ்கற்றை இட்டு, முகங்களைச் சுரண்டித் துடைத்து, நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு மாறிமாறி இறுக்கினோம். ஜெற்றை மேலே கொண்டுவந்து, பிஸ்டன் சோதனை சரியென்று சொல்லுமட்டும் நட்டை ஒவ்வொரு முகமாய்த் திருப்பினோம். கடைசியாகத்தான் எமது பழைய நண்பராகிய திருகாணி. அதை வெளியே, வெளியே என்று தளர்த்திக்கொண்டே போக வேண்டியிருந்தது.

மற்ற வண்டிக்காரருக்கும் சில சொற்கள். காபரேற்றர் தண்டு தேய்ந்து ஆடினால் அங்கேயும் கள்ளக்காற்று புகும். அதற்குக் கஸ்கற் உதவாது, புதிதாய்ப் புஷ் அடிக்க வேண்டும். பிஸ்டன் மேலே போய் ‘டொக்’ என்று விழாமல் ஒட்டினால் பெற்றோலால் துடைத்துவிடுங்கள், உப்புத்தாள் பிடிக்கவேண்டாம். அதன் உச்சியிலுள்ள சிறு குழாயில் மெல்லிய எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் சிலமுறை டிக்கென்று அடித்து ஓய வேண்டும். ஓயாது அடித்தால் எங்கோ ஒழுகுகிறது, அன்றேல் தாங்கி வெறுமை. மேலும், திருத்துபவர் திருகாணியை மட்டும் திருகிவிட்டு “சரி” என்றால், அவர் பங்குத்தந்தையாகவே இருந்தாலும் நம்பவேண்டாம்.

சனிக்கிழமை மாஸ்ரர் அம்மையாரோடு காரை எடுத்துச்செல்ல வந்தார். தம்பியின் தோளைத் தட்டி, அவன் கேட்டதற்கு மேலாகவே கொடுத்தார், வேறொன்றும் பேசவில்லை. வெளிக்கிட்டு, படலை வரை சென்று, தெருவில் ஒரு பேருந்து போகட்டுமென்று நின்றார். முப்பது வருடப் பழக்கத்தில் கால் அக்சிலரேற்றரை உறுமவிட எழுந்தது. அம்மையார் அவருடைய முழங்காலில் கைவைத்தார். காலை எடுத்தார். எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. பேருந்து போயிற்று. மாஸ்ரர் பெருமூச்சு விட்டு, “பாத்தியே, திரும்பவும் நிண்டிட்டுது” என்று சொல்லி ஸ்ராட்டரை இழுத்தார்.

ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் பற்சக்கரத்தில் ஸ்ராட்டர் உரசிய சத்தம் கோயில் விறாந்தை வரை கேட்டது.